உச்சக் குளிர் நாளுக்கான எல்என்ஜி சேமிப்பு நிலையம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கா, கனடா நகரங்களில் குழாய் வாயு விநியோகிக்கும் நிறுவனங்கள் கடுங்குளிர் நாட்களுக்கென்று எல்என்ஜி, அதாவது திரவ இயற்கை வாயு, சேமித்து வைக்கும் நிலையங்களை நடத்துகின்றன. அப்படி ஒன்றைத் திட்டமிட்டு, கட்டி, ஓட்டுவது பற்றி வரும் கேள்விகளும் பதில்களும் இங்கே. கணக்குகளுக்கு உதாரணமாக 100 கோடி கன அடி வாயு கொள்ளும் நிலையத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம். நார்த் கரோலைனாவின் ராப்சன் கவுண்டியில் பீட்மான்ட் நிறுவனம் 2021-இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்த நிலையம் இதே அளவுதான்.

பைப்லைன் இருக்கும்போது இது எதற்கு?

பைப்லைனில் இடம் பிடித்து வைத்தால் ஆண்டின் 365 நாளுக்கும் கட்டணம் கட்ட வேண்டும், வாயு ஓடினாலும் ஓடாவிட்டாலும். நகரத்தின் தேவையோ ஆண்டில் ஒரு வாரம், பத்து நாள் மட்டும் செங்குத்தாக ஏறி இறங்கும். அந்தப் பத்து நாளுக்காக ஆண்டு முழுவதும் இடம் வாங்குவது நட்டம். கோடையில் மலிவாகக் கிடைக்கும் வாயுவை மைனஸ் 162 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்தால் அது திரவமாகி, கன அளவில் அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதை ஊருக்குள்ளேயே வைத்திருந்து, உச்சக் குளிர் காலையில் மீண்டும் வாயுவாக்கி விநியோகக் குழாயில் விடுகிறார்கள்.

இன்னொரு காரணம் பைப்லைனே கைவிடும் நாள். 2022 டிசம்பரில் எலியட் பனிப்புயலின்போது அப்பலேச்சியப் பகுதி வாயுக் கிணறுகள் உறைந்து, நியூயார்க்குக்கு வரும் பைப்லைன்களில் அழுத்தம் சரிந்தது. டிசம்பர் 24 அன்று கான் எடிசன் நிறுவனம் அவசரநிலை அறிவித்து, தன் எல்என்ஜி நிலையத்தை ஓட்டித்தான் நகர விநியோகத்தைக் காப்பாற்றியது.

மின்சாரம் போனால் சுவிட்சைப் போட்டதும் திரும்பிவிடும். வாயு போனால் அப்படியில்லை. ஒவ்வொரு வீட்டு வால்வையும் ஆள் போய் மூடி, குழாயில் மீண்டும் அழுத்தம் ஏற்றி, பிறகு வீடு வீடாகப் போய் அடுப்பையும் ஹீட்டரையும் பற்றவைக்க வேண்டும். 2019 ஜனவரியில் ரோட் ஐலண்டின் அக்விட்நெக் தீவில் 7,000-க்கும் மேற்பட்ட இணைப்புகள் நின்றுபோய், சரிசெய்ய ஒரு வாரம் ஆனது. அதற்கான காரணங்களில் ஒன்று, ப்ராவிடன்ஸில் இருந்த எல்என்ஜி நிலையம் தேவைப்பட்ட அதே காலையில் நின்றுபோனது.

எண்ணூரில் இருப்பதும் இதுதானா?

இல்லை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இருப்பது இறக்குமதி முனையம். கப்பலில் வரும் திரவத்தை ஆண்டு முழுவதும் வாயுவாக்கி அனுப்பும் இடம் அது, திறன் ஆண்டுக்கு 50 லட்சம் டன். டேங்கின் தொழில்நுட்பம் ஏறக்குறைய ஒன்றே. ஓட்டும் முறைதான் வேறு: இங்கே பேசும் நிலையம் வருஷத்தில் பெரும்பகுதி நிரப்பிக்கொண்டோ சும்மாவோ இருக்கும்.

எவ்வளவு கொள்ளளவு வேண்டும் என்று எப்படிக் கணக்கிடுவது?

மூன்று எண்கள் வேண்டும்: ஒரு நாளின் உச்சம், ஒரு மணி நேரத்தின் உச்சம், அடுத்தடுத்து எத்தனை நாள்.

பல குளிர்காலங்களின் அன்றாட விநியோகத்தையும் அன்றைய சராசரி வெப்பநிலையையும் எடுத்து வரைபடத்தில் போடுங்கள். அமெரிக்காவில் 65 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே எத்தனை டிகிரி என்பதை அலகாக வைப்பார்கள். புள்ளிகள் ஏறக்குறைய நேர்க்கோட்டில் விழும். நிறுவனம் தாங்க வேண்டிய மிகக் குளிரான நாள் எது என்று ஒழுங்குமுறை ஆணையத்தோடு முடிவு செய்துகொண்டு, கோட்டை அதுவரை நீட்டினால் அன்றைய தேவை கிடைக்கும். காற்றைக் கணக்கில் சேர்க்க மறக்கக் கூடாது. ஒரே வெப்பநிலையில் பலத்த காற்றடிக்கும் நாளின் தேவை கணிசமாகக் கூடும்.

அந்தத் தேவையிலிருந்து பைப்லைனில் உறுதியாக வரும் அளவைக் கழித்தால் மிஞ்சுவது உங்கள் வேப்பரைசரின், அதாவது திரவத்தை மீண்டும் வாயுவாக்கும் கருவியின், திறன். இங்கே பலரும் தவறுவது நாள் கணக்கோடு நின்றுவிடுவதில்தான். காலை 6 முதல் 9 மணிவரை எல்லா வீட்டிலும் ஹீட்டரும் வெந்நீரும் ஒன்றாக ஓடும். ஒரு மணி நேர உச்சத்தை நாள் அளவில் 5 சதவீதம் என்று வைப்பது வழக்கம். 24 மணி நேரத்துக்கும் சமமாகப் பிரித்தால் வருவதோ 4.2 சதவீதம்தான். அந்த இடைவெளியில்தான் குழாயின் கடைக்கோடியில் அழுத்தம் விழும்.

பற்றாக்குறை பத்து நாளைத் தாண்டி முப்பது, நாற்பது நாளுக்கு நீளும் என்று கணக்கு வந்தால் இந்த நிலையம் உங்களுக்கானதல்ல. பைப்லைனையோ நிலத்தடிச் சேமிப்பையோ பாருங்கள்.

நிரப்ப ஏன் அவ்வளவு நாளாகிறது?

திரவமாக்கும் பகுதிக்குத்தான் செலவு அதிகம் என்பதால் அதைச் சிறிதாக வைப்பார்கள். உதாரண நிலையத்தில் ஒரு நாளைக்கு 50 லட்சம் கன அடி திரவமாகும். நிரம்ப 200 நாள். வெளியே விடுவதோ ஒரு நாளைக்கு 10 கோடி கன அடி. பத்து நாளில் காலி. டிசம்பரில் பாதி டேங்கைச் செலவழித்துவிட்டால் பிப்ரவரிக் குளிருக்குள் அதை மீட்க முடியாது. அதனால் வாயு விலை ஏறியிருக்கிறதே என்று டிசம்பரிலேயே திறந்துவிடும் ஆசையை அடக்க ஒரு விதி வேண்டும். இன்ன தேதியில் டேங்கில் குறைந்தது இவ்வளவு இருக்க வேண்டும் என்று மாதவாரியாக அட்டவணை எழுதிக் கட்டுப்பாட்டு அறையில் ஒட்டி வையுங்கள்.

பைப்லைன் வாயு சுத்தமாகத்தானே வருகிறது? மீண்டும் ஏன் சுத்திகரிப்பு?

வீட்டு அடுப்புக்கு அது சுத்தம். மைனஸ் 162 டிகிரிக்கு அது அழுக்கு. பைப்லைன் வாயுவில் 2 சதவீதம்வரை கார்பன் டை ஆக்சைடு இருக்கலாம். அதை 50 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 50 பங்குக்கு) கீழே இறக்காவிட்டால் உலர்பனியாக உறைந்து வெப்பமாற்றியின் மெல்லிய தடங்களை அடைக்கும். ஈரம் 1 பிபிஎம்-க்கும் கீழே போக வேண்டும். பாதரசம் இருந்தால் அலுமினிய வெப்பமாற்றியை அரிக்கும் என்பதால் முன்னாலேயே ஒரு கார்பன் படுகை வைப்பார்கள்.

கவனிக்காமல் விடப்படுவது பென்சீன். அது 5.5 டிகிரியிலேயே உறையும் பொருள். மிகச் சிறிய அளவுதான் இருக்கும். ஆனால் வாரக்கணக்கில் ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து அழுத்த இழப்பு ஏறும். காரணம் தெரியாமல் கம்ப்ரசரைச் சந்தேகித்து நாட்களைக் கழிப்பார்கள். வடிவமைப்புக்கு முன் வாயு மாதிரியில் கனமான ஹைட்ரோகார்பன்களைத் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள். 'ஆறு கார்பனும் அதற்கு மேலும்' என்று ஒரே வரியில் முடிந்துபோன அறிக்கை போதாது.

மாலிக்யூலர் சீவ், அதாவது மாசுகளை உறிஞ்சிப் பிடிக்கும் நுண்துளைத் துகள், படுகைகளைச் சூடான வாயுவால் புதுப்பிக்கும்போது அதில் தங்கிய கார்பன் டை ஆக்சைடும் ஈரமும் அந்த வாயுவோடு வெளியேறும். அது போய்ச் சேர ஒரு குழாய் வேண்டும். கோடை நள்ளிரவில் ஊரின் தேவை மிகக் குறைந்திருக்கும்போது அந்தக் கழிவு வாயுவை ஏற்க ஆளில்லாமல் திரவமாக்கலே நின்ற நிலையங்கள் உண்டு. கார்பன் டை ஆக்சைடு அதிகமென்றால், அதை ரசாயனக் கரைசலால் கழுவியெடுக்கும் அமைன் முறையே நல்லது. பராமரிப்பு மட்டும் கூடும்.

குளிர்விக்க எந்த முறை?

சிறிய நிலையத்துக்கு நைட்ரஜன் எக்ஸ்பாண்டர் (அழுத்திய வாயுவை விரியவிட்டுக் குளிராக்கும் இயந்திரம்) அல்லது கலப்புக் குளிரூட்டி. நைட்ரஜன் முறை மின்சாரம் அதிகம் குடிக்கும், ஆனால் எரியும் குளிரூட்டியைச் சேமிக்கத் தேவையில்லை, நிறுத்தி ஓட்டுவது எளிது, நிலத்தின் எல்லைவரை விட வேண்டிய பாதுகாப்புத் தூரக் கணக்கும் இலகுவாகும். கலப்புக் குளிரூட்டியில் மின்செலவு குறைவு. ஆனால் எத்திலீன், புரோப்பேன் போன்றவற்றின் விகிதத்தைப் பார்த்துக்கொள்ள அனுபவமுள்ள ஆள் வேண்டும். உதாரண அளவுக்கு, அதாவது ஒரு நாளைக்குச் சுமார் 100 டன்னுக்கு, நைட்ரஜன் முறையில் 2 முதல் 2.5 மெகாவாட் வரை ஆகும். உயர் அழுத்தப் பைப்லைனும் தாழ் அழுத்த விநியோகக் குழாயும் நிலையத்தில் சந்தித்தால், அந்த அழுத்த வேறுபாட்டையே பயன்படுத்தி எக்ஸ்பாண்டரை ஏறக்குறைய இலவசமாக ஓட்டலாம். அந்த வசதி கிடைத்தால் விடாதீர்கள்.

டேங்கின் அமைப்பு எப்படி?

100 கோடி கன அடி என்பது சுமார் 46,000 கன மீட்டர் திரவம், 20,000 டன். உள் டேங்க் ஏறக்குறைய 50 மீட்டர் விட்டம். தத்துவம் ஃப்ளாஸ்க் போலத்தான், ஆனால் இங்கே சுவர்களுக்கிடையே வெற்றிடம் இல்லை. பெர்லைட் என்ற எரிமலைப் பாறையைப் பொரித்த துகள் நிரப்பப்படுகிறது. உள்சுவர் 9 சதவீத நிக்கல் எஃகு. வெளிச்சுவர் சாதாரண எஃகு, அல்லது உள்டேங்க் கசிந்தால் திரவத்தை முழுதும் தாங்கும் முன்னழுத்தக் கான்கிரீட். அடியில் பாரம் தாங்கும் நுரைக் கண்ணாடி. மேலே கண்ணாடி இழை பரப்பிய அலுமினியத் தளம் கூரையிலிருந்து தொங்கும்.

உள்டேங்க் குளிர்ந்ததும் விட்டத்தில் சுமார் 8 சென்டிமீட்டர் சுருங்கும். அந்த இடைவெளியில் பெர்லைட் சரிந்து இறங்கும். மீண்டும் சூடானால் விரியும் சுவரை இறுகிய பெர்லைட் நெருக்கும். அதற்காகத்தான் உள்சுவரின் வெளிப்புறம் நெகிழ்வான கண்ணாடிக் கம்பளிப் போர்வை. பெர்லைட் இறங்கிய மேல்பகுதியில் வெளிச்சுவரில் பனி படியும். முதல் ஆண்டில் அப்படி வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது பெரும்பாலும் கசிவல்ல, பெர்லைட் நிரப்பச் சொல்லும் அறிகுறி.

தரையில் உட்காரும் டேங்க் என்றால் அடியில் மின்சூடாக்கி கட்டாயம். இல்லாவிட்டால் மண் ஈரம் உறைந்து வீங்கி அடித்தளத்தைத் தூக்கிவிடும். தூண்கள் மேல் உயர்த்திக் கட்டினால் அடியில் காற்றோடும்; அந்தத் தொல்லை இல்லை.

குழாய்கள் எல்லாம் கூரை வழியாகவே. பக்கச்சுவரில் துளை போட்ட பழைய டேங்குகளில் அந்த இணைப்பு உடைந்தால் டேங்கே காலியாகும். இப்போது பம்பைக் கூரையிலிருந்து இறங்கும் செங்குத்துக் குழாய்க்குள் விடுகிறார்கள். அடிவால்வு பம்பின் எடையில் திறக்கும், பம்பைத் தூக்கினால் தானே மூடிக்கொள்ளும். டேங்கில் திரவம் இருக்கும்போதே பம்பை வெளியே எடுத்துப் பழுது பார்க்கலாம்.

முதல்முறை குளிர்விக்கும்போது என்ன வரிசை?

முதலில் நீர் நிரப்பிச் சோதனை: திரவ எடையின் 1.25 மடங்கு வரும் உயரத்துக்கு. குளோரைடு மிகுந்த தண்ணீர் வேண்டாம். நிரப்பும்போதும் வடிக்கும்போதும் அடித்தளம் எவ்வளவு இறங்குகிறது என்று சுற்றிலும் அளந்து எழுதுங்கள். வடித்து, உலர்த்தி, நைட்ரஜனால் காற்றை வெளியேற்ற வேண்டும். உள்டேங்கோடு நிறுத்திவிடாதீர்கள். பெர்லைட் இடைவெளியிலும் அடித்தளக் காப்பிலும் காற்று தங்கியிருக்கும், அது வெளியேற நேரம் எடுக்கும். அதன் பிறகு நைட்ரஜனை இயற்கை வாயுவால் மாற்றி, மேலிருந்து வளையக் குழாய் வழியாக எல்என்ஜியைத் தூவ வேண்டும்.

வேகம் மணிக்கு 3 முதல் 5 டிகிரி. அடித்தட்டில் பதித்த வெப்பநிலை உணரிகளைத் தொடர்ந்து பாருங்கள். ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாக இருந்தால் தூவலை நிறுத்திச் சமமாகும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் அடித்தட்டும் சுவரும் சேரும் மூலைப் பற்றவைப்பில்தான் விரிசல் வரும். அடித்தட்டில் திரவம் நின்றதும் நிரப்பும் வேகத்தைக் கூட்டலாம்.

சும்மா இருக்கும்போதும் வாயு ஆவியாகுமே?

ஆகும். ஒரு நாளைக்கு 0.05 சதவீதம் என்றால் 5 லட்சம் கன அடி. திரவமாக்கும் அளவில் பத்தில் ஒரு பங்கு. அதைக் கம்ப்ரசர் கொண்டு விநியோகக் குழாயில் விடுவதுதான் வழக்கம். கம்ப்ரசரைத் தேர்ந்தெடுக்கும்போது சராசரி அளவை மட்டும் பார்க்காதீர்கள். புயலுக்கு முன் காற்றழுத்தம் சரியும்போது டேங்கின் ஆவி சட்டென்று கூடும். நிரப்பிக்கொண்டிருக்கும் நேரமாகவும் அது இருக்கலாம்.

எதிர்ச் சிக்கல், முழுவேகத்தில் வெளியேற்றும்போது. மணிக்கு 190 கன மீட்டர் திரவம் போனால் அதே அளவு வெற்றிடம் உள்ளே உண்டாகும். ஆவியோ வெளியிலிருந்து வாயுவோ அதை நிரப்ப வேண்டும். இந்த டேங்குகள் மிகத் தாழ்ந்த அழுத்தத்துக்குக் கட்டியவை. உள்ளிழுப்பைத் தாங்கும் வலு அதைவிடவும் குறைவு. வெற்றிட வால்வு திறந்து காற்று உள்ளே போவது கடைசிப் பாதுகாப்பு, வழக்கமாக நடக்கக் கூடாதது.

ரோல்ஓவர் என்பது என்ன?

டேங்கில் அடர்த்தி வேறுபட்ட இரண்டு அடுக்குகள் உருவாகி, கீழடுக்கு மெல்லச் சூடேறி, ஒரு கட்டத்தில் இரண்டும் திடீரென்று கலந்துவிடுவது. அடைபட்டிருந்த வெப்பம் மொத்தமாக ஆவியாக வெளிப்படும். 1971-இல் இத்தாலியின் லா ஸ்பெசியாவில் நடந்தது இது. 1993-இல் இங்கிலாந்தின் பார்ட்டிங்டன் உச்சத்தேவை நிலையத்திலும் நடந்தது.

கப்பல் வராத நிலையத்தில் இது வராது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பழைய திரவம் ஆண்டுக்கணக்கில் கிடந்து, மீத்தேன் முதலில் ஆவியாகி, ஈத்தேன் மிஞ்சிக் கனத்துப் போயிருக்கும். அதன் மேல் புதிய, இலேசான திரவத்தை விட்டால் அடுக்கு தயார். நைட்ரஜன் 1 சதவீதத்தைத் தாண்டினாலும் தானாகவே அடுக்கு உருவாகலாம். அடர்த்தியையும் வெப்பநிலையையும் உயரவாரியாக அளக்கும் கருவி வையுங்கள். புதியது இலேசானால் அடியிலும், கனமானால் மேலேயும் நிரப்புங்கள். அடுக்கு தெரிந்தால் பம்பைப் போட்டு அடியிலிருந்து மேலே சுற்றிவிடுங்கள்.

உண்மையில் எது தோற்றுப்போகிறது?

டேங்க் அரிதாக. தோற்பது வேப்பரைசரும் அதன் துணைக்கருவிகளும். நீரில் மூழ்கிய எரிப்பான் வகையில் பர்னரின் சூடான புகை தண்ணீர்த் தொட்டிக்குள் குமிழியிட்டு ஓடும். எல்என்ஜி குழாய்ச் சுருள் அதே தண்ணீரில் கிடக்கும். அனுப்பும் வாயுவில் சுமார் 1.5 சதவீதம் எரிபொருளாகப் போகும். புகையின் கார்பன் டை ஆக்சைடு கரைந்து தண்ணீர் அமிலமாகும், அதனால் காரம் சேர்த்து சமன் செய்ய வேண்டும். இன்னொரு வகை, கொதிகலனில் சூடாக்கிய கிளைகால் கரைசலைச் சுற்றவிடுவது. வெளிக்காற்றில் சூடேறும் வகை உறைகுளிர் இரவில் பனி மூடி நின்றுவிடும். இந்த வேலைக்கு அது உதவாது.

ஆண்டில் பத்து மாதம் ஓடாத இயந்திரம் மைனஸ் 20 டிகிரி விடியற்காலையில் ஓட வேண்டும். தீச்சுடர் உணரியில் பூச்சிக் கூடு, கருவிக் காற்றுக் குழாயில் உறைந்த ஈரம், ஊதும் விசிறிக்கு மின்சாரம் இல்லாமை, யுபிஎஸ் பேட்டரி செத்துப்போனது: இப்படிச் சின்ன விஷயங்களில்தான் நிற்கும். பனிப்புயல் நாளில் மின்வெட்டும் சேர்ந்தே வரும் என்று வைத்துக்கொண்டு ஜெனரேட்டரை முழு அனுப்பும் சுமைக்கும் கணக்கிடுங்கள். விளக்குக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் மட்டும் போட்டு மிச்சம் பிடிக்காதீர்கள். தேவைக்கு மேல் ஒரு வேப்பரைசரும் ஒரு பம்பும் உபரியாக இருக்கட்டும். அக்டோபர், நவம்பரில் உண்மையிலேயே வாயுவைக் குழாயில் விட்டு ஒத்திகை பாருங்கள். பர்னரை மட்டும் பற்றவைத்துப் பார்த்துத் 'தயார்' என்று கையெழுத்திடுவது ஒத்திகை ஆகாது.

எல்என்ஜிக்கு வாசனை கிடையாது. வாயுவாக்கியதும், கசிந்தால் தெரியும்படி வாசனை தரும் மெர்காப்டன் சேர்க்காமல் ஊருக்குள் விடக் கூடாது. அந்தப் பம்பும் பத்து மாதம் சும்மா இருந்ததுதான்.

இடம் எவ்வளவு வேண்டும்?

டேங்குக்குத் தேவையான நிலத்தைவிடச் சுற்றியுள்ள வெற்று நிலமே அதிகம். அமெரிக்காவில் கூட்டாட்சி விதித் தொகுப்பின் 49-ஆம் தலைப்பு, 193-ஆம் பகுதியும், அது மேற்கோள் காட்டும் என்எஃப்பிஏ (தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம்) 59ஏ தரமும் இதைத் தீர்மானிக்கின்றன. குழாய் உடைந்து பத்து நிமிடம் கொட்டும் திரவம் போன்ற கசிவுகளை வைத்து இரண்டு கணக்குப் போட வேண்டும். எரிந்தால் எல்லைக்கோட்டில் வெப்பக் கதிர்வீச்சு சதுர மீட்டருக்கு 5 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது. எரியாமல் பரவினால் மீத்தேன் 2.5 சதவீதம், அதாவது எரியும் கீழ் எல்லையில் பாதி, உங்கள் நிலத்துக்குள்ளேயே நின்றாக வேண்டும். இயற்கை வாயு காற்றைவிட இலேசு என்பது உண்மைதான், ஆனால் புதிதாக ஆவியான குளிர் வாயு தரையை ஒட்டியே ஊரும். சிந்தும் திரவத்தைச் சரிவான வாய்க்கால் வழியாகத் தொலைவிலுள்ள குழிக்குக் கொண்டுபோய், குழியின் பரப்பைச் சிறிதாக வைத்தால் இரண்டு தூரங்களும் குறையும். நிலம் வாங்கும் முன்பே இந்தக் கணக்கை முடித்துவிடுங்கள்.

விபத்துகள் நடந்ததுண்டா?

உண்டு, விதிகள் பெரும்பாலும் அவற்றிலிருந்து பிறந்தவையே. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1941-இல் தொடங்கிய நிலையத்தில் 1944 அக்டோபர் 20 அன்று 3.5 சதவீத நிக்கல் எஃகால் ஆன டேங்க் உடைந்து, திரவம் தெருவிலும் சாக்கடையிலும் ஓடித் தீப்பிடித்தது. சுமார் 130 பேர் இறந்தார்கள். குளிரில் நொறுங்காத 9 சதவீத நிக்கல் எஃகு போன்ற பொருட்களும், டேங்கைச் சுற்றி அணைகரையும் இன்று கட்டாயமானதன் பின்னணி இதுதான். 1973 பிப்ரவரியில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில் காலி டேங்குக்குள் பழுது பார்க்கும் வேலையில் இருந்த 40 பேர், உட்புறப் பூச்சும் நுரைக் காப்பும் தீப்பிடித்து இறந்தார்கள். எரியும் காப்புப் பொருளை டேங்கின் உள்ளே வைக்காதீர்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

2014 மார்ச் 31 அன்று வாஷிங்டன் மாநிலம் பிளிமத்தில் உச்சத்தேவை நிலையத்தை மீண்டும் தொடங்கும்போது, குழாயிலிருந்து காற்று முழுதாக வெளியேற்றப்படாமல் உள்ளேயே வெடித்தது. தெறித்த துண்டுகள் எல்என்ஜி டேங்கைத் துளைத்தன. சுற்றிலும் இரண்டு மைல் தூரத்துக்கு மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். பராமரிப்புக்குப் பிறகு தொடங்கும் ஒவ்வொரு முறையும், எந்த இடத்தில் மாதிரி எடுத்து ஆக்சிஜனை அளப்பது என்று எழுத்தில் இருக்க வேண்டும். குழாயின் முட்டுச்சந்துகளில்தான் காற்று தங்கும்.

திரவமாக்கும் பகுதி இல்லாமல் லாரியில் வாங்கி நிரப்பினால்?

சிறிய டேங்குக்கு நடக்கும். மாசசூசெட்ஸில் பல ஊர் டேங்குகள் அப்படித்தான், 1971 முதல் இயங்கும் எவரெட் முனையத்திலிருந்து லாரியில் நிரப்பப்படுகின்றன. ஒரு லாரி சுமார் 10,000 கேலன், வாயுவாக 8 லட்சம் கன அடிக்குச் சற்று மேல். உதாரண டேங்கை நிரப்ப 1,200 லாரி வேண்டும். பனி மூடிய சாலையில் குளிர்காலத்தின் நடுவே மறுநிரப்புவதை நம்பித் திட்டம் போட்டால் கஷ்டம்.

எவ்வளவு காலம், எவ்வளவு பணம்?

ராப்சன் நிலையத்துக்குச் சுமார் 25 கோடி டாலர் என்று அறிவித்தார்கள். டேங்க் கட்டவே இரண்டரை ஆண்டு வரை ஆகும், அனுமதிக்கான காலம் தனி. அக்கம்பக்கத்தாரின் எதிர்ப்பைச் சட்டச் சிக்கலாக மட்டும் பார்க்கிறவர்கள் தாமதத்தைச் சந்திப்பார்கள். வாஷிங்டன் மாநிலம் டகோமாவில் கட்டிய நிலையத்தை, அங்குள்ள புயல்லப் (Puyallup) பழங்குடியினர் பல ஆண்டுகள் எதிர்த்துப் போராடினார்கள்.

கோடையில் மிஞ்சும் எல்என்ஜியை விற்கலாமா?

விற்கலாம். 80 லட்சம் கேலன் டேங்கோடு 2022-இல் இயக்கத்துக்கு வந்த டகோமா நிலையம் கப்பல் எரிபொருளையும் நகரத்தின் உச்சத் தேவையையும் ஒரே டேங்கிலிருந்து கவனிக்கிறது. அப்படிச் செய்தால் திரவமாக்கும் பகுதியைப் பெரிதாக்க வேண்டும். செலவை வீட்டு வாடிக்கையாளருக்கும் கப்பல் நிறுவனத்துக்கும் எப்படிப் பிரிப்பது என்று ஒழுங்குமுறை ஆணையம் கேள்வி கேட்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை டேங்கில் தொடக் கூடாத அளவு எவ்வளவு என்பதையும், கடுங்குளிர் அறிவிப்பு வந்தால் லாரிக்கும் கப்பலுக்கும் ஏற்றுவதை எத்தனை மணி நேரத்துக்குள் நிறுத்தலாம் என்பதையும் விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.